கல்லீரலை எட்டும் முன்னே

தொடர் – 9

மலேரியா மிகுந்த ஊர்களில் வாழ்வோரின் உடலில் அந்நோய்க்கு எதிராகத் தோன்றும் ஆற்றல் ஏன் எப்போதும் அரைகுறையாகவே நின்றுவிடுகிறது என்பது மருத்துவ உலகின் பழைய புதிர்களுள் ஒன்றாகும். தட்டம்மை கண்டு மீண்டவருக்கு மறுமுறை அது பெரும்பாலும் வருவதில்லை. மேற்கு ஆப்பிரிக்கச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, நோய் சுமந்த கொசுக்களிடம் ஆண்டுதோறும் பலமுறை கடிபட்டு வளர்ந்தவருக்கோ காய்ச்சலின் கடுமை குறைகிறதே தவிர, ஒட்டுண்ணி அவரது குருதியில் புகுவது நின்றுவிடுவதில்லை. அவரே சில ஆண்டுகள் வெளியூரில் வாழ்ந்து திரும்பினால், முன்பு ஈட்டிய பாதுகாப்பிலும் ஒரு பகுதி தேய்ந்து போயிருக்கும். இயற்கை வாழ்நாள் முழுவதும் முயன்றும் தராத முழுப் பாதுகாப்பை, மனிதன் செய்யும் தடுப்பூசி எங்ஙனம் தந்துவிடும் என்ற ஐயம் 1960களின் ஆய்வாளர்களிடம் வலுவாக இருந்ததற்கு இதுவே காரணம். போதாக்குறைக்கு, உலக சுகாதார நிறுவனம் 1955இல் தொடங்கிய ஒழிப்புத் திட்டம் டிடிடி பூச்சிக்கொல்லியையும் குளோரோகுயின் மருந்தையும் நம்பி நடந்துகொண்டிருந்ததால், தடுப்பூசியைப் பற்றி எண்ணுவதற்கான தேவையும் பலருக்குத் தோன்றவில்லை.

அந்த ஐயத்தை ஆய்வுக்கூடத்துச் சுண்டெலிகளைக் கொண்டு முதன்முதலில் உறுதியாக அசைத்தவர் ரூத் நுசென்ஸ்வைக். அவர் 1928இல் வியன்னாவில், தாயும் தந்தையும் மருத்துவர்களாக இருந்த யூதக் குடும்பத்தில் பிறந்தார். ஆஸ்திரியா நாஜிகளின் வசமானபின் அக்குடும்பம் நாட்டைவிட்டு வெளியேறிப் பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரில் குடியேறியது. அங்கே மருத்துவம் படிக்கையில், பின்னாளில் தம் கணவராகவும் வாழ்நாள் முழுவதும் உடன் உழைத்தவராகவும் அமைந்த விக்டர் நுசென்ஸ்வைக்கைச் சந்தித்தார். இருவரும் மாணவப் பருவத்திலேயே, தென் அமெரிக்காவை வாட்டும் சாகாஸ் நோயின் ஒட்டுண்ணி, தானமாகப் பெற்ற குருதி வழியே பிறருக்குப் பரவுவதைத் தடுக்க, அக்குருதியில் ஜென்ஷன் வயலெட் எனும் ஊதாச் சாயத்தைக் கலக்கலாம் என்று காட்டிய குழுவில் இடம்பெற்றிருந்தனர். பாரிஸிலும் நியூயார்க்கிலும் மேற்பயிற்சி பெற்ற பிறகு தாய்நாடாகவே ஆகிவிட்ட பிரேசிலுக்குத் திரும்ப அவர்கள் விரும்பினர். 1964இல் நடந்த இராணுவப் புரட்சி அந்த விருப்பத்தை முறித்தது. ஒரு நாட்டின் அறிவுத்துறைக்குப் படையாட்சி இழைக்கும் கேடு எவ்வளவு நீளமானது என்பதற்கு இத்தம்பதியர் நியூயார்க் பல்கலைக்கழகத்திலேயே தங்கி ஆற்றிய பணிகள் அனைத்தும் சான்று.

ரூத் தேர்ந்துகொண்ட கேள்வியின் நுட்பம் புலப்பட வேண்டுமானால், சென்ற இதழில் விளக்கப்பட்ட ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுழற்சியில் ஒரு சிறு கட்டத்தை மீண்டும் நினைவுகூர வேண்டும். அனாஃபிலிஸ் வகைப் பெண்கொசு கடிக்கும்போது, அதன் உமிழ்நீர்ச் சுரப்பியில் காத்திருக்கும் நூலிழை போன்ற ஒட்டுண்ணிகள் மனிதத் தோலுக்குள் செலுத்தப்படுகின்றன. ஸ்போரோசோயிட் எனப்படும் இவை எண்ணிக்கையில் மிகச் சில. பெரும்பாலான கடிகளில் நூறைக்கூட எட்டாதவை. தோலிலிருந்து குருதிக்குழாயைத் தேடிப் புகுந்து கல்லீரலை அடைந்து, ஒவ்வொன்றும் ஓர் உயிரணுவுக்குள் ஒளிந்துகொள்கின்றன. அங்கே ஏறத்தாழ ஒரு வாரம் எந்த அறிகுறியும் காட்டாமல் பெருகி, ஒன்று பல்லாயிரமாகிக் குருதியில் கொட்டிச் சிவப்பணுக்களைத் தாக்கத் தொடங்கும்போதுதான் குளிரும் காய்ச்சலும் வருகின்றன. ரூத்தின் ஆய்வுக்கு முன்புவரை ஆய்வாளர்களின் கவனம் பெரும்பாலும் நோயை உண்டாக்கும் இந்தக் குருதிக் கட்டத்தின் மீதே இருந்தது. குருதியில் சிறிது நேரமே உலவும் ஸ்போரோசோயிட்டை உடல் அடையாளம் கண்டு எதிர்க்க நேரம் எங்கே இருக்கிறது என்பதே பொதுவான கருத்து. ஆனால் எண்ணிக்கையில் மிகச் சிறியதாகவும், இன்னும் எந்தத் தீங்கும் செய்யாததாகவும் இருக்கும் நிலையில்தான் பகைவனை மடக்குவது எளிது என்பதை நுசென்ஸ்வைக் கண்டார்.

இத்திசையில் முன்னரே ஒரு முயற்சி நடந்திருந்தது. அதன் ஒரு முனை நீலகிரியில் இருக்கிறது என்பதைத் தமிழ் வாசகர் அறிதல் நன்று. குன்னூரிலுள்ள தென்னிந்திய பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றிய பால் ரஸ்ஸலும் பி. என். மோகனும், முல்லிகன் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து, கோழிகளைத் தாக்கும் மலேரியா ஒட்டுண்ணியின் ஸ்போரோசோயிட்டுகளைப் புற ஊதாக் கதிரால் செயலிழக்கச் செய்து கோழிகளுக்கு ஊசியிட்ட முடிவுகளை 1941இல் வெளியிட்டனர். அக்கோழிகளுக்குத் தொற்று வந்தது. ஆனால் இறந்தவை குறைவு. முழுமையற்ற அந்த முடிவு ஏறத்தாழ கால் நூற்றாண்டு கவனிப்பாரின்றிக் கிடந்தது. இந்திய மலைநகர் ஒன்றில் நடந்த இந்தத் தொடக்கத்தை மலேரியா வரலாற்று நூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுவது வருந்தத்தக்கது.

நுசென்ஸ்வைக்குக்கு வாய்த்த சூழல் வேறு. காங்கோவின் காட்டெலியில் 1948இல் கண்டறியப்பட்ட பிளாஸ்மோடியம் பெர்கெய் என்ற ஒட்டுண்ணியை ஆய்வுக்கூடக் கொசுவில் வளர்க்கும் முறை, நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மேயர் யோலியும் ஜெரோம் வாண்டர்பெர்கும் செய்த உழைப்பால் கைக்கு வந்திருந்தது. கொசுக்களை வழக்கத்தினும் குளிர்ந்த அறையில் வைத்தால்தான் அவ்வொட்டுண்ணி நன்கு வளரும் என்று கண்டுபிடித்தது இதில் முதன்மையானது. எளியதாகத் தோன்றும் இந்த வெப்பநிலைச் செய்தி இல்லாமல் பின்வந்த எதுவும் நடந்திராது. கொசுக்களிலிருந்து திரட்டிய ஸ்போரோசோயிட்டுகளை எக்ஸ் கதிரில் காட்டிச் சுண்டெலிகளுக்கு ஊசியிட்டு, பின்னர் அவற்றுக்கு வீரியமுள்ள ஸ்போரோசோயிட்டுகளைச் செலுத்திப் பார்த்தனர். ஊசியிடப்பட்ட எலிகளில் கணிசமானவற்றுக்கு நோய் வரவே இல்லை. நுசென்ஸ்வைக், வாண்டர்பெர்க் உள்ளிட்ட நால்வரின் பெயரில் இந்த முடிவு 1967இல் ‘நேச்சர்’ இதழில் வெளியாயிற்று. பின்னர் பலமுறை ஊசியிட்டபோது பாதுகாப்பு பெற்ற எலிகளின் விகிதம் மேலும் உயர்ந்தது.

கதிரின் அளவில்தான் இதன் சூட்சுமம் அடங்கியிருக்கிறது. கதிர் குறைந்தால் ஒட்டுண்ணி பிழைத்துக் கல்லீரலில் பெருகி நோயைத் தந்துவிடும். மிகுந்தால் செத்த பொருளாகிப் பாதுகாப்பும் தேய்ந்துவிடும். சரியான அளவில் கதிர்பட்ட ஸ்போரோசோயிட் உயிருடன் நீந்தும், கல்லீரல் உயிரணுவுக்குள்ளும் புகும். ஆனால் மரபுப் பொருள் சிதைந்துவிட்டதால் பெருக இயலாமல் பாதியில் நின்றுவிடும். அவ்வாறு நின்றுபோன ஒட்டுண்ணியே உடலுக்குப் பாடம் கற்பிக்கிறது. இதனுடன் வந்த மற்றொரு கண்டுபிடிப்பும் குறிப்பிடத்தக்கது: ஸ்போரோசோயிட்டை எதிர்த்து நின்ற அதே எலிக்கு, நோயுற்ற எலியின் குருதியை ஏற்றினால் நோய் வந்துவிடும். ஆகவே மலேரியாவுக்கு எதிரான ஆற்றல் என்று பொதுப்படப் பேசுவது பொருளற்றது, ஒட்டுண்ணியின் ஒவ்வொரு நிலைக்கும் உடல் தனித்தனியே தற்காப்பைக் கற்கிறது என்ற தெளிவு பிறந்தது. இயற்கைத் தொற்றில் கிடைக்காத முழுப் பாதுகாப்பைச் செயற்கை வழியில் உண்டாக்க முடியும் என்பதற்கும் அதுவே முதல் உறுதியான சான்று.

மனிதரில் இதைச் சோதித்தவர் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் டேவிட் கிளைட். எக்ஸ் கதிர் பாய்ச்சிய கொசுக்களைத் தன்னார்வலர்கள் மீது கடிக்கவிட்டு, சிலர் பின்னர் நோயிலிருந்து முழுமையாகக் காக்கப்பட்டதை அவரது குழு 1973 முதல் அறிவித்தது. அத்தன்னார்வலர்கள் சிறைக் கைதிகள் என்பதை இங்கே மறைக்காமல் சொல்லியாக வேண்டும். அந்நாளைய அமெரிக்காவில் அது வழக்கமாக இருந்தபோதிலும், கதவு பூட்டிய இடத்தில் தரப்படும் இசைவு எந்த அளவுக்கு இசைவு என்ற கேள்வி நீங்குவதில்லை. ஒருவரைக் காக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட கொசுக்கடிகள் தேவைப்பட்டன என்பது பின்வந்த ஆய்வுகளின் கணக்கு. உலகுக்கு வழங்கத்தக்க தடுப்பு முறையாக அது ஆகாது என்பது வெளிப்படை. எனவே ஒட்டுண்ணியின் எந்தப் பகுதியை உடல் அடையாளம் காண்கிறது என்று தேடிப் பிரித்தெடுப்பதே நுசென்ஸ்வைக்கின் அடுத்த பணியாயிற்று.

அதற்கான தடயம் 1969இலேயே நுண்ணோக்கியின் கீழ் தென்பட்டிருந்தது. பாதுகாப்பு பெற்ற எலியின் குருதி நீரில் ஸ்போரோசோயிட்டை இட்டால், அதன் மேற்பரப்பில் ஒரு படிவு திரண்டு வால்போல் பின்னே நீள்வதை அக்குழு கண்டது. எதிர்ப்பொருள்கள், அதாவது அயற்பொருளைப் பற்றிக்கொள்ள உடல் உண்டாக்கும் புரதங்கள், ஒட்டுண்ணியின் மேலுறையைப் பற்றி உரிக்கின்றன என்பது இதன் பொருள். ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டிய அளவு உண்டாக்கும் ஹைபிரிடோமா முறை 1975இல் வந்தபின், நோபுகோ யோஷிதாவும் நுசென்ஸ்வைக் தம்பதியரும் அதைக் கையாண்டு, எலியை நோயிலிருந்து காக்கும் ஒற்றை எதிர்ப்பொருளை 1980இல் உருவாக்கினர். அது பற்றிக்கொண்ட இலக்கு, ஸ்போரோசோயிட்டின் உடல் முழுவதையும் போர்த்தியிருந்த ஒரே ஒரு புரதம். சிஎஸ் புரதம் என்று இன்று சுருக்கமாக அழைக்கப்படும் அதுவே இந்நாள்வரை மலேரியாத் தடுப்பூசிகளின் அடித்தளமாக விளங்குகிறது.

உயிர்க்கொல்லி வகையான பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரத்தில் அப்புரதத்தை உண்டாக்கும் மரபணு 1984இல் படித்தறியப்பட்டது. அஸ்பராஜின், அலனின், அஸ்பராஜின், புரோலின் என்ற நான்கு அமினோ அமிலங்களின் வரிசை, செபமாலையின் மணிகள்போல் அப்புரதத்தின் நடுவே ஏறத்தாழ 40 முறை அடுத்தடுத்து வருவதைக் கண்டவர்கள் வியந்தனர்; எதிர்ப்பொருள்கள் பெரும்பாலும் அந்தத் தொடரையே பற்றுகின்றன. எனவே அத்துண்டை மட்டும் வேதியியல் முறையில் செய்து ஊசியிட்டால் போதும், சில ஆண்டுகளில் தடுப்பூசி வந்துவிடும் என்ற நம்பிக்கை பரவியது. முதல் மனிதச் சோதனைகள் அந்த அவசரத்துக்கு இடந்தரவில்லை. பாதுகாப்பு ஓரிருவருக்கே கிட்டியது. அதன் காரணத்தில் ஒரு பகுதியையும் நுசென்ஸ்வைக் குழுவே 1987இல் வெளிப்படுத்தியது. கதிர்பட்ட ஸ்போரோசோயிட்டால் காக்கப்பட்ட எலிகளிலிருந்து சிடி8 எனப்படும் வெள்ளணு வகையை நீக்கிவிட்டால் பாதுகாப்பும் நீங்கிவிடுவதை அது காட்டிற்று. எதிர்ப்பொருளால் உயிரணுவுக்குள் நுழைய முடியாது. கல்லீரலுக்குள் ஒளிந்துவிட்ட ஒட்டுண்ணியை அந்த உயிரணுவோடு சேர்த்து அழிப்பது இவ்வெள்ளணுக்களின் வேலை. வாசலிலும் காவல் வேண்டும், வீட்டினுள்ளும் காவல் வேண்டும் என்று ஆயிற்று.

அமெரிக்க இராணுவத்தின் வால்டர் ரீட் ஆய்வு நிறுவனமும் இன்று ஜிஎஸ்கே என வழங்கும் மருந்து நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய ஆர்டிஎஸ்,எஸ் தடுப்பூசியின் பெயரிலேயே இந்த வரலாறு பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆர் என்பது மீள வரும் அந்த நான்கு அமிலத் தொடரையும், டி என்பது டி வகை வெள்ளணுக்களைத் தூண்டும் பகுதியையும், எஸ் என்பது அவற்றைச் சுமக்கும் ஹெபடைட்டிஸ் பி மேலுறைப் புரதத்தையும் குறிக்கும். 1997இல் வெளியான ஆய்வில், இத்தடுப்பூசியின் ஒரு கலவையைப் பெற்று, பின்னர் நோய்க்கொசுவால் கடிக்கப்பட்ட ஏழு பேரில் ஆறு பேர் காக்கப்பட்டனர். ஆப்பிரிக்காவில் ஏழு நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்த இறுதிக்கட்ட ஆய்வில் பலன் அவ்வளவு உயரவில்லை. நான்கு தவணை பெற்ற ஐந்து முதல் பதினேழு மாதக் குழந்தைகளிடம், நான்கு ஆண்டுகளில் பத்தில் ஏறத்தாழ நான்கு மலேரியாக் காய்ச்சல்களே தடுக்கப்பட்டன. இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 2022இல் மட்டும் உலகில் 6,08,000 பேரை மலேரியா கொன்றது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவின் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

மலாவி நாட்டில் 2019 ஏப்ரல் 23 அன்று இத்தடுப்பூசி முதன்முறையாக வழக்கமான குழந்தைத் தடுப்பூசிப் பணியில் போடப்பட்டது. கானாவும் கென்யாவும் அதே ஆண்டில் தொடர்ந்தன. ரூத் நுசென்ஸ்வைக் அதற்கு ஓராண்டுக்கு முன், 2018 ஏப்ரல் 1 அன்று, தமது 89ஆம் வயதில் காலமாகியிருந்தார். உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை 2021 அக்டோபரில் வந்தபோது, சுண்டெலிகளைப் பற்றிய அந்தக் கட்டுரை வெளியாகி 54 ஆண்டுகள் கடந்திருந்தன. 2023இல் பரிந்துரைக்கப்பட்ட இரண்டாவது தடுப்பூசியான ஆர்21, ஆக்ஸ்ஃபோர்டில் வடிவமைக்கப்பட்டு, புணேயிலுள்ள சீரம் நிறுவனத்தில் பெருமளவில் தயாராகிறது. அதனுள்ளும் இருப்பது அதே சிஎஸ் புரதத்தின் துண்டுதான்.

எனினும் இவ்விரண்டும் காவல் காப்பது கல்லீரலுக்கு முந்தைய வழியைத்தான். அதைக் கடந்து ஒட்டுண்ணி குருதிக்கு வந்துவிட்டபின் உடல் எதைக் கொண்டு போரிடுகிறது, காம்பியா நாட்டுப் பெரியவர்களின் குருதியிலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்பொருளைக் காய்ச்சலில் கிடந்த குழந்தைகளுக்குச் செலுத்தி இயன் மெக்ரெகரும் சிட்னி கோகனும் 1961இல் கண்டது என்ன என்பது அடுத்த இதழில் விளக்கப்படும்.

(தொடரும்)