“சூட்டு வலிதான்” என்று சும்மா இருந்துவிடாதீர்கள்! குறைப்பிரசவத்தைத் தடுக்க வழி உண்டு

“ஏழாம் மாசத்துப் பிள்ளை பொழைக்கும், எட்டாம் மாசத்துப் பிள்ளை பொழைக்காது.”

வீட்டுப் பெரியவர்கள் இப்படிச் சொல்வது வழக்கம். இது தப்புக் கணக்கு! தாயும் சேயும் நலமாக இருக்கும்வரை, வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு நாளும் குழந்தைக்கு லாபம்தான். ஏழாம் மாதத்தில் பிறக்கும் குழந்தையைவிட, எட்டாம் மாதத்தில் பிறக்கும் குழந்தைக்கே பிழைக்கும் வாய்ப்பு அதிகம்.

கடைசி மாதவிலக்கின் முதல் நாளில் இருந்து 280 நாள், அதாவது 40 வாரம் என்பது டாக்டர்கள் போடும் கணக்கு. 37 வாரம் நிறையும் முன்பே பிறந்தால் அது குறைப்பிரசவம்.

2020-ம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இப்படி நாள் நிறையாமல் பிறந்தன. அதில் சுமார் 30 லட்சம் நம் இந்தியாவில்! 5 வயதுக்குள் குழந்தைகள் சாவதற்கு முதல் காரணமும் இதுதான்.

எது சூட்டு வலி? எது நிஜ வலி?

எட்டாம் மாதத்தில் வயிறு இழுத்துப் பிடிக்கிறது. “அது சூட்டு வலிம்மா. சீரகத் தண்ணி குடிச்சிட்டுப் படு, சரியாப் போயிடும்” என்பார்கள். பல தடவை அது உண்மையாகவே இருக்கும். ஆனால் சில தடவை?

வயிறு விட்டு விட்டு இறுகுவது, இடுப்பில் வலி தொடங்கி முன்பக்கம் வருவது, அடிவயிற்றில் கனம், ரத்தக் கசிவு, தண்ணீர் போலக் கசிவது- இவற்றில் எது இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 108-க்குப் போன் செய்தால் ஆம்புலன்சு வரும். அது பொய் வலியாக இருந்தால் டாக்டர் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

உயிர் காக்கும் 4 ஊசி

சீக்கிரம் போவதில் என்ன லாபம்? நாள் நிறையாத குழந்தைக்கு முதல் எதிரி மூச்சுத் திணறல். நுரையீரல் பக்குவம் அடைந்திருக்காது. அதைப் பக்குவப்படுத்தும் ஊசியைத் தாய்க்குப் போட்டால் மருந்து குழந்தைக்குப் போய்ச் சேர்கிறது.

நியூசிலாந்து டாக்டர்களான லிக்கின்சும் ஹோவியும் 1972-ல் இதை நிரூபித்தார்கள். இந்த வகை ஊசிகளில் ஒன்றான டெக்சாமெத்தசோன் விலை குறைந்ததுதான். 12 மணி நேரத்துக்கு ஒன்றாக 4 ஊசி. முழுப் பலன் கிடைக்க ஒரு நாளாவது வேண்டும். அந்த அவகாசத்துக்காக, தகுந்தவர்களுக்கு வலியை 2 நாள் தள்ளிப்போடவும் மருந்து தருகிறார்கள்.

பிள்ளை பிறக்கும் தறுவாயில் ஓடி வந்தால் இதற்கெல்லாம் நேரம் ஏது?

பம்பாய் டாக்டரின் தையல்

சிலருக்குக் கர்ப்பப்பை வாய் பலவீனமாக இருக்கும். வலியே இல்லாமல் வாய் திறந்து, நாலைந்து மாதத்திலேயே கரு கலைந்துவிடும். அந்த வாயைத் தைத்துக் காக்கும் முறையை உலகுக்குத் தந்தவர் ஒரு இந்தியர்- பம்பாய் டாக்டர் ஷிரோத்கர். அவரது கட்டுரை 1955-ல் சென்னையில் இருந்து வெளிவந்த ‘ஆன்டிசெப்டிக்’ மருத்துவ இதழில் வந்தது. இன்றும் அது ‘ஷிரோத்கர் தையல்’ என்றே அழைக்கப்படுகிறது.

முன்பு கரு கலைந்தவர்கள், குறைப்பிரசவம் ஆனவர்கள் அதை மறைக்காமல் முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

தடுக்கக் கூடியவை

ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, ரத்த சோகை, சிறுநீர்த் தொற்று, புகையிலை, 20 வயதுக்குள் கர்ப்பம், அடுத்தடுத்துப் பிள்ளை- இவை எல்லாம் குறைப்பிரசவத்துக்கு வழி வகுப்பவை. முதல் நான்கையும் சாதாரணப் பரிசோதனையிலேயே கண்டுபிடித்துவிடலாம். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11-க்குக் குறைந்தால் அது ரத்த சோகை.

“இரும்புச்சத்து மாத்திரை தின்னா பிள்ளை கறுப்பாப் பொறக்கும்” என்பது வெறும் கதை. மாத்திரையால் கறுப்பது மலம்தான்! 180 நாள் விடாமல் சாப்பிட வேண்டிய மாத்திரை அது. டீ, காபியுடன் சேர்த்துச் சாப்பிட்டால் சத்து உடம்பில் ஒட்டாது.

ஒரு குழந்தை பிறந்த பிறகு அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது 2 ஆண்டு இடைவெளி நல்லது.

கடை முதலாளிகள் கவனத்துக்கு

ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை செய்யும் பெண்கள், கழிவறைக்குப் போகத் தயங்கித் தண்ணீரே குடிப்பதில்லை. இது சிறுநீர்த் தொற்றுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பு விடுவதுபோல!

கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத் திருத்தம் வந்தது. ஒரு ஸ்டூலும், கேட்காமலே போய்வரக்கூடிய கழிவறையும் பெரிய செலவு அல்ல.

வளைகாப்பு முடிந்ததும்...

ஏழாம் மாதம் வளைகாப்பு. வளையல் குலுங்கத் தாய்வீடு போகிறாள் மகள். சீர்வரிசை எல்லாம் வண்டியில் ஏறுகிறது. ஆஸ்பத்திரிக் கார்டு மட்டும் பீரோவிலேயே தங்கிவிடுகிறது!

அபாயமான மாதங்களில்தான் ஊரும் மாறுகிறது, டாக்டரும் மாறுகிறார். புது டாக்டருக்கு ரத்தக்கொதிப்பு எவ்வளவு இருந்தது, ஸ்கேனில் என்ன சொன்னார்கள் என்று எப்படித் தெரியும்? சீர்த்தட்டோடு கார்டும் போக வேண்டும்.

நட்சத்திரம் பார்த்து ஆபரேஷனா?

“அந்த நட்சத்திரத்துல பொறந்தா ராஜயோகம்” என்று நாள் குறித்துக்கொண்டு சிசேரியன் கேட்பவர்களும் உண்டு. அவசரக் காரணம் இல்லாத ஆபரேஷனை 39 வாரத்துக்கு முன் செய்வது நல்லதல்ல. முன்கூட்டி எடுக்கும் குழந்தை மூச்சுத் திணறி இன்குபேட்டருக்குப் போனால் ராஜயோகம் எங்கே?

பதிவு செய்தால் பணமும் உண்டு

கர்ப்பம் தெரிந்ததும் 12 வாரத்துக்குள் அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, நகர நல மையத்திலோ பதிந்துகொள்ள வேண்டும். பிரசவ நாளைச் சரியாகக் கணக்கிடவும் அதுவே நல்ல நேரம்.

1987-ல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி, 2018-ல் 18 ஆயிரம் ரூபாயாக உயர்ந்தது. அதில் 4 ஆயிரம் ரூபாய் மதிப்புக்கு ஊட்டச்சத்துப் பெட்டகம். அந்தப் பெட்டகம் கர்ப்பிணிக்கு. வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கு அல்ல.

இத்தனையும் செய்தும் சிலருக்கு, காரணமே தெரியாமல் முன்கூட்டிப் பிறந்துவிடும். “நீ மாடிப்படி ஏறினே, அதான் இப்படி ஆச்சு” என்று பெற்றவளைக் குற்றம் சொல்வதில் நியாயம் இல்லை. அந்தச் சின்ன உயிருக்கு அப்போது வேண்டியது தாய்ப்பாலும், தாயின் மார்புச் சூடும். துணி மறைக்காமல் நெஞ்சோடு அணைத்து வைத்திருக்கும் ‘கங்காரு’ முறையை அம்மா களைத்திருக்கும்போது அப்பாவும் செய்யலாம்!