விரைவின் விலை

கணினியின் மூளை எனப்படுவது நுண்செயலி. 1971ஆம் ஆண்டு இன்டெல் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த 4004 என்னும் நுண்செயலியில் ஏறத்தாழ 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. இன்றைய திறன்பேசியின் சிறு சில்லிலோ பல நூறு கோடி டிரான்சிஸ்டர்கள் அடங்கியுள்ளன. இவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒருமுறை இருமடங்காகும் என்று 1975இல் கோர்டன் மூர் கணித்தார். அக்கணிப்பு பல பத்தாண்டுகள் பொய்க்கவில்லை.

செயலியின் வேகம் வளர்ந்த அளவுக்கு நினைவகத்தின் வேகம் வளரவில்லை. நினைவகத்திலிருந்து ஒரு தரவு வந்து சேர்வதற்குள் செயலி நூற்றுக்கணக்கான கட்டளைகளை முடித்துவிட இயலும். அந்நேரம் வீணாகாதிருக்கப் பொறியாளர்கள் 'ஊகச் செயலாக்கம்' என்னும் உத்தியைக் கையாண்டனர். நாள்தோறும் வருபவர் தெருமுனையில் தென்பட்டதுமே, அவர் கேட்குமுன் தேநீரைக் குவளையில் ஊற்றிவைக்கும் கடைக்காரரின் செயலை ஒத்தது இது. ஊகம் சரியெனில் காலம் மிச்சம். தவறெனில் தேநீரைக் கொட்டிவிட வேண்டியதுதான். செயலியும் அடுத்து வரும் கட்டளையை ஊகித்து முன்கூட்டியே செய்துவைக்கிறது. ஊகம் பிழைத்தால் அவ்விடையைக் கைவிடுகிறது.

கைவிட்ட பணி தடயமின்றி மறையும் என்றே நம்பப்பட்டது. அந்நம்பிக்கை 2018 ஜனவரியில் தகர்ந்தது. கூகுளின் பாதுகாப்பு ஆய்வுக்குழுவினரும், ஆஸ்திரியாவின் கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும், பிறரும் 'மெல்ட்டவுன்', 'ஸ்பெக்டர்' என்னும் இரு குறைபாடுகளை வெளிப்படுத்தினர். தேநீரைக் கொட்டிய பின்னும் குவளையில் சூடு எஞ்சுமன்றோ? அதுபோலக் கைவிடப்பட்ட பணியின் சுவடு, கேச் எனப்படும் விரைவு நினைவகத்தில் தங்கிவிடுகிறது. அங்குள்ள தரவு விரைவாகக் கிடைக்கும். இல்லாதது தாமதமாகவே கிடைக்கும். இக்கால வேறுபாட்டை அளந்தே, தனக்கு அனுமதியில்லாத கடவுச்சொல்லையும் ஒரு தீய நிரல் அறிந்துகொள்ள முடியும்.

குறை வன்பொருளின் வடிவமைப்பிலேயே இருந்தது. விற்பனையான சில்லுகள் அனைத்தையும் திரும்பப் பெற்றுச் செப்பனிட வழியில்லை. எனவே, இயக்க அமைப்புகள் தம் நினைவகப் பகுதியைப் பயனர் நிரல்களிடமிருந்து பிரித்து மறைத்தன. செயலியின் ஊகத்துக்கும் சில இடங்களில் தடை விதிக்கப்பட்டது. பாதுகாப்புக் கூடியது, வேகம் குறைந்தது. புதிய செயலிகளைவிடப் பழைய செயலிகளிலேயே இவ்விழப்பு மிகுதியாக உணரப்பட்டது. பழைய செயலிகள் சிலவற்றுக்குத் திருத்தம் வெளியிடப்போவதில்லை என 2018 ஏப்ரலில் இன்டெல் அறிவித்தது.

மாட்டுவண்டியின் அச்சு தேய்ந்தால் அது பழையதாகும். கணினியோ தேயாமலே பழையதாகிவிடுகிறது. திருத்தங்கள் நின்ற நாளில், நன்கு இயங்கும் கணினியும் காவலற்ற வீடாகிறது. ஆகவே, கணினி வாங்குவோர் அதன் வேகத்தை வினவுவதோடு, அதற்கு எத்தனை ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் என்பதையும் வினவுதல் வேண்டும்.