உங்களுக்குத் தெரியுமா? பெடல் துடித்தால் தூசியைப் பாருங்கள்
காலடியில் உழைக்கும் எந்தப் பாகமும் தூசிக்குத் தப்பாது. ரேசிங் சிமுலேட்டர் பெடலும் அப்படியே. மிதிக்காதபோதே பிரேக் அளவு எகிறினால் பெடல் பழுது என்று முடிவுகட்ட வேண்டாம். பொட்டென்ஷியோமீட்டர் உள்ள பெடலில், தடத்தின்மேல் உரசி நகரும் முனையில் படிந்த அழுக்கே பெரும்பாலும் காரணம். மென்பொருளில் ‘டெட்ஸோன்’, அதாவது தொடக்க அழுத்தத்தைக் கண்டுகொள்ளாமல் விடும் அளவு, அதைக் கூட்டினால் போதாதா என்று கேட்கலாம். போதாது, அது துடிப்பை மறைக்கும்போது மெல்ல மிதிக்கும் நுணுக்கத்தையும் விழுங்கிவிடும். இணைப்பைக் கழற்றி, தூரிகையால் தூசி தட்டி, எச்சம் விடாத கான்டாக்ட் கிளீனரைச் சிறிதளவு அடித்து, பெடலைப் பலமுறை அழுத்தி, முழுக்கக் காயவிடுங்கள். தடமே தேய்ந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். காந்தப்புலத்தை உணரும் ஹால் சென்சாரில் இந்த உரசலே கிடையாது.