மேகத்தின் சாட்சியம்

வாசகர்கள் இவ்வரிகளைப் படிக்கும் இந்த நிமிஷத்திலும் ஆகாயத்தினின்று கண்காணாத துகள்கள் நம்மீது பொழிந்த வண்ணமாயிருக்கின்றன. 1912-ம் வருஷம் ஆகஸ்டு 7-ந் தேதி ஆஸ்திரிய விஞ்ஞானி விக்டர் ஹெஸ் பலூனிலேறி 5,000 மீட்டருக்கு மேற்சென்று இவற்றின் சுவட்டைக் கண்டார். காஸ்மிக் கிரணங்கள் என்பது பெயரேயாயினும், அவற்றிற் பெரும்பாலானவை புரோட்டான்களே. பெரு நக்ஷத்திரங்கள் வெடித்துச் சிதறும் சூபர்நோவாவே அவற்றின் பிறப்பிடமென்று 1934-ல் பாடே, ஸ்விக்கி என்ற இருவர் கூறினர். சந்தேகம் பலமாயிருந்தது, ருசுதான் இல்லை.

அதற்குக் காரணமுண்டு. புரோட்டான் மின்சாரமேறிய துகளாதலால், வழியெங்குமுள்ள காந்தசக்தி அதைத் திருப்பித் திருப்பி விடுகிறது. ஊரூராய் அலைந்து வந்த பரதேசி நம் வாயிலில் நிற்கும் திசையைக் கொண்டு அவன் பிறந்த ஊரைச் சொல்ல முடியுமா?

ஆகவே சாட்சியை வேறிடத்தில் தேட வேண்டியதாயிற்று. வெடித்த நக்ஷத்திரத்தின் அருகே ஹைட்ரஜன் மூலக்கூறுகள் திரண்ட மேகமொன்று இருக்குமாயின், அங்கிருந்து பாயும் புரோட்டான்கள் அதன்மீது மோதும். அம்மோதலிற் பிறக்கும் பையான் என்னும் துகள் கணமும் தரியாது இரு காமாக் கிரணங்களாக மாறிவிடும். காமாக் கிரணத்திற்கு மின்சாரமில்லை. காந்தத்திற்கு வளையாமல் அது நேரே நம்மிடம் வருகிறது. மேகம் எவ்வளவு அடர்த்தியோ, ஒளியும் அவ்வளவு மிகுதி.

இங்கும் ஒரு சிக்கல். எலெக்ட்ரான்களும் காமாக் கிரணங்களை உண்டாக்க வல்லவை. ஆனால், பையானிற் பிறந்தவை சுமார் 20 கோடி எலெக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே சட்டென்று குறைந்துவிடும். 2008-ல் விண்ணிற் சென்ற பெர்மி தொலைநோக்கி, மிதுன ராசியிலுள்ள ஐ.ஸி. 443, கழுகு மண்டலத்திலுள்ள டபிள்யூ. 44 ஆகிய இரு வெடிப்பெச்சங்களை நான்கு வருஷம் கவனித்ததில் அக்குறைவு தெளிவாகத் தென்பட்டது. 2013 பிப்ரவரியில் முடிவு வெளியாயிற்று.

இதைக் கொண்டே வழக்கு தீர்ந்ததென்று கொண்டாடுவது அவசரமென்பது நமது அபிப்பிராயம். இரண்டு எச்சங்கள் புரோட்டான்களை முடுக்குகின்றன என்பது நிரூபணமாயிற்று, அவ்வளவே. அதிவன்மை கொண்ட காஸ்மிக் கிரணங்களையும் சூபர்நோவாவே ஈன்றதா என்பது இதனால் விளங்கவில்லை. சீனாவின் ஸிச்சுவான் மலைமீதுள்ள லாஸோ நிலையத்தார், வன்மை மிக்க காமாக் கிரணங்கள் வரும் 12 இடங்களை 2021-ல் வெளியிட்டனர். அவற்றுட் பலவற்றில் புரோட்டானா எலெக்ட்ரானா என்ற பழைய விவாதமே இன்னும் நடந்துவருகிறது.