மீன்குழம்பில் இல்லாத சத்து

மடவை, கொடுவா, இறால், நண்டு என்று பழவேற்காடு ஏரி தருகிற எதையும் குறைசொல்ல முடியாது. நல்ல புரதம் இருக்கிறது. பொடிமீனை முள்ளோடு மென்றால் சுண்ணாம்புச்சத்தும் சேரும். ஆனால் மீன் சதையில் நார்ச்சத்து துளியும் கிடையாது. கூடவே வைக்கும் வெள்ளைச் சோற்றிலும் அது பெயருக்குத்தான். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணைப்படி, 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் நார்ச்சத்து 3 கிராமுக்கும் குறைவு. உலக சுகாதார நிறுவனம் 2023இல் பெரியவர்களுக்குப் பரிந்துரைத்ததோ நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம். அரிசியை மட்டும் நம்பினால் ஒருவர் தினமும் ஏறக்குறைய 900 கிராம் அரிசி பொங்கிச் சாப்பிட வேண்டும். லைட் ஹவுஸ் குப்பம், வைரவன்குப்பம் போன்ற ஊர்கள் கடலுக்கும் ஏரிக்கும் நடுவே மணலில் இருப்பவை. அங்கே காய்கறி பெரும்பாலும் காசு கொடுத்து வாங்குகிற பொருள். அதனால் இந்தக் கணக்கு அங்கே இன்னும் முக்கியமாகிறது.

நார்ச்சத்து என்றதும் கீரைத்தண்டிலும் முருங்கைக்காயிலும் பல்லில் மாட்டுவதுதான் பலருக்கு நினைவு வரும். ஆனால் கண்ணுக்குத் தெரியும் நார் மட்டுமே நார்ச்சத்து அல்ல. பொங்கல் சமயத்தில் வரும் பனங்கிழங்கை எடுத்துக்கொள்ளுங்கள். வேகவைத்து, தோலை உரித்து, இரண்டாகப் பிளந்து, நடுவே இருக்கும் தும்பை எடுத்து எறிகிறோம். ஓரத்து நாரையும் கிழித்துப் போடுகிறோம். மிச்சமிருக்கும் மாவுபோன்ற சதையிலும் நார்ச்சத்து நிறைய உண்டு. அது கண்ணுக்குத் தெரிவதில்லை. பழங்களில் உள்ள பெக்டினும் அப்படித்தான், தண்ணீரில் கரைந்து கூழாகிவிடும். அதுவும் நார்ச்சத்தே.

அறிவியலுக்கும் இது புரிய நாளாயிற்று. 19ஆம் நூற்றாண்டு வேதியியலாளர்கள் உணவுப்பொருளை அமிலத்திலும் பிறகு காரத்திலும் கொதிக்கவைத்து, எஞ்சியதை நார் என்று எடைபோட்டார்கள். அந்தக் கொதிப்பிலேயே பெக்டின் போன்றவை கரைந்து போய்விட்டன. நம் பழைய உணவு அட்டவணைகளில் எண்கள் மிகக் குறைவாக இருப்பதற்கு இதுவே காரணம். 1953இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஹிப்ஸ்லி 'உணவு நார்ச்சத்து' என்ற சொல்லை எழுத்தில் கொண்டுவந்தார். 1972இல் பிரிட்டிஷ் மருத்துவர் ஹ்யூ ட்ரோவெல் அளவுகோலையே மாற்றினார்: கண்ணாடிக் குடுவையில் எது மிஞ்சுகிறது என்பதை விட்டுவிட்டு, தாவரச் செல் சுவர்களில் மனிதக் குடலின் நொதிகளால் உடைக்க முடியாதது எது என்று கேட்டார். சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 2009இல் வகுத்த வரையறையும் இதே வழியில் வந்ததுதான். குறைந்தது பத்துச் சர்க்கரை அலகுகள் கோத்த சங்கிலியாக இருக்க வேண்டும், சிறுகுடலில் செரிக்கக் கூடாது என்பதே அதன் சாரம். அதைவிடச் சிறிய சங்கிலிகளைச் சேர்ப்பதா என்பதை அந்தந்த நாட்டுக்கு விட்டுவிட்டது.

செரிக்காத ஒன்றால் என்ன பயன் என்ற கேள்வி நியாயமானது. கரையும் வகை, குடலில் கொழகொழப்பாகி, சர்க்கரை இரத்தத்தில் கலக்கும் வேகத்தை மட்டுப்படுத்துகிறது. பித்த அமிலத்தைப் பிடித்து மலத்தோடு அனுப்புகிறது. புதிய பித்தம் தயாரிக்க ஈரல் இரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்கிறது. கரையாத வகை, மலத்துக்குப் பருமன் தந்து நகர்த்துகிறது. பெருங்குடலுக்குப் போய்ச் சேர்வதில் ஒரு பகுதியை அங்குள்ள பாக்டீரியாக்கள் நொதிக்கவைத்து பியூட்டிரேட் போன்ற சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. பெருங்குடலின் உட்சுவர்ச் செல்களுக்கு முதன்மையான எரிபொருள் பியூட்டிரேட்தான். நாம் செரிக்காததை அந்த பாக்டீரியாக்கள் செரித்து, நமக்கே திருப்பிக் கொடுக்கின்றன. உடலில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

2019இல் லான்செட் இதழில் வந்த பெரிய தொகுப்பாய்வு 185 தொடர் கண்காணிப்பு ஆய்வுகளையும் 58 மருத்துவப் பரிசோதனைகளையும் ஒன்றுசேர்த்துப் பார்த்தது. நார்ச்சத்து அதிகம் உண்டவர்களிடம் இதயத் தமனி நோய், பக்கவாதம், இரண்டாம் வகை நீரிழிவு, பெருங்குடல் புற்றுநோய் ஆகியவை 15 முதல் 30 சதவீதம் வரை குறைவாகவே இருந்தன.

இந்த வெளிச்சத்தில் வட தமிழகத்துக் கேவுரு (கேழ்வரகு) கூழையும் கருவாட்டையும் பாருங்கள். 100 கிராம் கேழ்வரகில் நார்ச்சத்து ஏறக்குறைய 11 கிராம், தீட்டிய அரிசியைப்போல் நான்கு மடங்கு. மாவை முந்தின நாளே கரைத்துப் புளிக்கவிட்டு, நொய்யோடு காய்ச்சி, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு கருவாட்டுக் குழம்போடு குடிக்கிறார்கள். மீனில் இல்லாததைத் தானியமும், தானியத்தில் குறைவான புரதத்தைக் கருவாடும் ஈடுகட்டுகின்றன. பக்கத்தில் முருங்கைக்கீரைப் பொரியலும் வைத்தால் (100 கிராமில் சுமார் 8 கிராம் நார்ச்சத்து) அதைவிட நல்ல சாப்பாட்டை எந்த ஊட்டச்சத்து நிபுணரும் எழுதித் தர வேண்டியதில்லை. இந்தக் கூழ் ஆடி மாதத்து அம்மன் கோவில் அண்டாவோடு நின்றுவிடக் கூடாது.

பழைய சோற்றுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. வெந்த சோறு ஆறும்போது மாவுச்சத்தில் ஒரு பகுதி மறுபடி இறுகி, நொதிகளுக்கு மசியாமல் நார்ச்சத்துபோல நடந்துகொள்கிறது. அந்தப் பகுதி சிறியதுதான். கேழ்வரகுக்கு அது மாற்றாகாது.

ஏரியும் கடலும் நார்ச்சத்து தருவதில்லையா என்றால், ஒரு வகையில் தருகின்றன. இறால், நண்டு ஓடுகளில் உள்ள கைட்டின், தாவரச் செல்லுலோஸுக்கு நெருங்கிய உறவு. சென்னாகுன்னி என்ற பொடி இறாலை ஓட்டோடு வறுத்துத் தின்னும்போது கொஞ்சம் உள்ளே போகிறது. நோன்புக் காலத்தில் இஸ்லாமியர் வீடுகளில் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி உறையவைக்கும் கடல்பாசியோ கிட்டத்தட்ட முழுக்கக் கரையும் நார்ச்சத்து. ராமநாதபுரம் கரையோரத்தில் பெண்கள் மூழ்கி எடுக்கும் பாசியிலிருந்தும் அது தயாராகிறது.

நார்ச்சத்தைக் கூட்டும்போது ஒன்றை மறக்கக் கூடாது: தண்ணீர். நார்ச்சத்து நீரை உறிஞ்சித்தான் வேலை செய்கிறது. நீர் போதாவிட்டால் மலச்சிக்கல் கூடவே செய்யும். திடீரென்று அளவைக் கூட்டினால் வயிறு உப்பும். சில வாரங்களில் படிப்படியாக ஏற்றுவதே நல்லது. பழவேற்காட்டில் இருளர் பெண்கள் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்தபடி, இடுப்பளவு உவர்நீரில் மணிக்கணக்கில் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். அவர்களிடம் 'நிறைய தண்ணீர் குடியுங்கள்' என்று சொல்வது சுலபம். ஒதுங்க இடமும் கரையில் குடிநீரும் இருந்தால்தான் அந்த அறிவுரைக்குப் பொருள் உண்டு.

தானியத்துக்கும் இதே நிலைதான்: கைக்குக் கிடைத்தால்தான் அறிவுரைக்குப் பொருள். ரேஷனில் 2011 முதல் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. வீட்டுக்கு வீடு உலையில் அதுவே கொதிக்கிறது. 2023இல் நீலகிரி, தர்மபுரி மாவட்டங்களில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. மலைக்கும் மேட்டு நிலத்துக்கும் பொருந்திய திட்டம், கூழ் குடித்துப் பழகிய பழவேற்காட்டுக் கடற்கரைக்கும் பொருந்தும். திருவள்ளூர் மாவட்டத்து மீனவக் குப்பங்களின் ரேஷன் கடைகளில் அந்த 2 கிலோ மூட்டை வந்து இறங்க வேண்டும்.