மேற்பரப்பு பிளாஸ்மான் ஒத்ததிர்வு உணரி

மேற்பரப்பு பிளாஸ்மான் ஒத்ததிர்வு உணரி என்பது, மெல்லிய உலோகப் படலத்தை ஒட்டி ஏற்படும் ஒளிவிலகல் எண் மாற்றத்தை ஒளியைக் கொண்டு அளக்கும் கருவியாகும். ஒரு புரதம் இன்னொன்றுடன் இணைவதை, ஒளிரும் சாயம் எதையும் சேர்க்காமல், நிகழும்போதே இது பதிவு செய்கிறது. ஒளியியல், உணரிகள், நானோ தொழில்நுட்பம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பயிலும் முதுநிலை மாணவருக்கு இது மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டு ஆகும்.

செயற்படும் விதம்

கண்ணாடி முப்பட்டகத்தின் அடிப்பரப்பில் ஏறத்தாழ 50 நானோமீட்டர் தடிப்புள்ள தங்கப் படலம் பூசப்படுகிறது. முப்பட்டகத்தின் வழியே வரும் ஒளி அங்கே முழு அக எதிரொளிப்பு அடைகிறது. ஆயினும் அதன் மின்காந்தப் புலம் படலத்தைக் கடந்து சிறிது தொலைவு பரவுகிறது. குறிப்பிட்ட ஒரு படுகோணத்தில் இப்புலம் தங்கத்தின் எலக்ட்ரான்களைக் கூட்டாக அலைவுறச் செய்கிறது. ஒளியின் ஆற்றல் அவ்வலைவுக்குச் செல்வதால், எதிரொளித்த ஒளியின் செறிவு அக்கோணத்தில் வெகுவாகக் குறைகிறது.

தங்கத்தின் மீது எதிர்ப்பொருள் பொருத்தப்பட்டிருந்தால், அதற்குரிய மூலக்கூறுகள் மட்டும் வந்து ஒட்டும். அப்போது ஒளிவிலகல் எண் உயர்ந்து, அக்கோணம் நகரும். நகர்வே அளவீடு ஆகும். படலம் மிகத் தடித்தால் புலம் மறுபுறத்தை எட்டாது. மிக மெலிந்தால் செறிவின் இறக்கம் அகன்று, கோணத்தைத் துல்லியமாகக் குறிக்க இயலாது.

வரலாறு

1902-இல் ராபர்ட் உட் கீற்றணியின் நிறமாலையில் எதிர்பாராத கரும்பட்டைகளைக் கண்டார். 1968-இல் ஓட்டோவும், கிரெட்ச்மன், ரேத்தர் ஆகியோரும் முப்பட்டகம் கொண்டு இவ்வலைவை உண்டாக்கும் முறைகளை வெளியிட்டனர். 1983-இல் சுவீடனைச் சேர்ந்த லீட்பெரி, நைலாண்டர், லுண்ட்ஸ்ட்ராம் ஆகியோர் இதனை உயிரியல் உணரியாகப் பயன்படுத்திக் காட்டினர். 1990-இல் பையாகோர் கருவி விற்பனைக்கு வந்தது.

வரம்பு

கோணம் ஏன் நகர்ந்தது என்பதை உணரி அறியாது. நீரின் வெப்பநிலை 1 பாகை செல்சியசு மாறினால், அதன் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு மாறும். நல்ல கருவிகள் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு மாற்றத்தையும் காண்பவை. ஆகவே நூறில் ஒரு பாகை வெப்ப மாற்றமும் மூலக்கூறு ஒட்டியது போன்ற பொய்க்குறியைத் தரக்கூடும். இதனால் எதிர்ப்பொருள் பொருத்தாத ஒப்பீட்டுத் தடம் ஒன்று உடன் அமைக்கப்பட்டு, அதன் அளவு கழிக்கப்படுகிறது.

முதுநிலைக் கல்வியில்

இக்கருவியைச் செய்து பார்க்கும் மாணவர், வெற்றிடத்தில் தங்கத்தை ஆவியாக்கிப் படியவைத்தல், பிரெனெல் சமன்பாடுகளால் எதிரொளிப்பைக் கணித்தல், செறிவு தெரிந்த சர்க்கரைக் கரைசல்களால் அளவுதிருத்தம் செய்தல் ஆகியவற்றைக் கற்கிறார். ஒட்டாத பொருளை ஒட்டியதாகக் காட்டும் பிழையை இனங்காணும் பயிற்சி இவற்றுள் முதன்மையானது. நோயறிதலில் இத்தகைய உணரியின் நம்பகத்தன்மை அதனைச் சார்ந்தே உள்ளது.