காமாக் கதிரும் கவசச் சுவரும்

அணுவின் உட்கருவிலிருந்து எழும் காமாக் கதிருக்கு நிறையில்லை, மின்னூட்டமில்லை, கண்ணுக்கும் அது தெரிவதில்லை. ஆயினும் உடலின் உயிரணுக்களைச் சிதைக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. ஆகவே அணு உலைகளில் கதிருக்கும் மனிதனுக்கும் இடையே கவசச் சுவர் எழுப்புகின்றனர். அச்சுவர் எவ்வளவு தடிப்பாக இருக்க வேண்டும்?

நாம் வகுப்பில் படிக்கும் விதி எளியது. கதிர் ஒரு பொருளில் மோதாமல் செல்லும் சராசரித் தொலைவை 'சராசரி மோதலிடைத் தூரம்' என்கிறோம். 10 லட்சம் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள கதிருக்கு இது நீரில் ஏறக்குறைய 14 செ.மீ.; ஈயத்தில் 1.2 செ.மீ. இத்தகைய 10 தூரங்களைக் கடந்தால், 22,000 கதிர்களில் ஒன்றே மோதாமல் தப்பும்.

ஆனால் மோதிய கதிர்கள் எல்லாம் மறைந்துவிடுவதில்லை. காம்ப்டன் 1923-ல் விளக்கிய சிதறலின்படி, அவை ஆற்றல் குறைந்து திசை மாறுகின்றன. ஆடித் தபசு நாளில் ரத வீதியை அடைத்துவிட்டால் கூட்டம் நின்றுவிடுகிறதா? சந்து வழியே சுற்றி மறுபுறம் வந்து சேர்கிறதல்லவா? சிதறிய கதிர்களும் அப்படியே சுவரைக் கடந்து வருகின்றன. இவற்றையும் சேர்த்துக்கொள்ள விடையைப் பெருக்கும் எண்ணே 'பெருக்கக் காரணி' (பில்டப் ஃபேக்டர்) ஆகும். மேற்சொன்ன 10 தூரத் தடிப்பில் இக்காரணி நீருக்கு ஏறக்குறைய 27. ஈயத்துக்கு 4-க்கும் குறைவு. அதாவது, 22,000-ல் ஒரு பங்கு என்று நாம் நம்பிய நீர்க் கவசத்தின் பின்னே உண்மையில் வருவது 800-ல் ஒரு பங்கு!

ஈயத்துக்கு ஏன் குறைவு? அணு எண் மிகுந்த பொருள்கள், ஆற்றல் குன்றிய கதிரை ஒளிமின் விளைவால் விழுங்கிவிடுகின்றன. நீருக்கு அத்திறன் மிகக் குறைவு.

இனி இருபொருள் கவசத்துக்கு வருவோம். 5 தூரம் நீர், 5 தூரம் ஈயம். எதை முன்னே வைப்பது? நீர் முன்னே நின்றால், அதில் சிதறி மெலிந்த கதிர்களைப் பின்னுள்ள ஈயம் விழுங்கும். ஈயம் முன்னே நின்றால், அதைக் கடந்த கதிர்கள் நீரில் புதிதாகச் சிதறும். அவற்றை விழுங்குவார் இல்லை. எனவே எளிய விதி இது: கனமான பொருள் கடைசியில் இருந்தால் அதன் காரணியை மட்டும் கொள்க, முதலில் இருந்தால் இரு காரணிகளையும் பெருக்குக. முதல் வகையில் ஏறக்குறைய 2.5, இரண்டாவதில் 25! பெருக்குத்தொகை சற்று மிகைதான். ஆயினும் உயிர்காக்கும் கணக்கில் மிகை குற்றமன்று, குறைவே குற்றம்.

இன்னும் நுட்பமாகக் கணக்கிட, அடுக்கடுக்காகக் காரணிகளைக் கூட்டும் முறையை 1962-ல் பிரோடர் முதலிய சோவியத் அறிஞர்கள் தந்தனர். 1971-ல் நம் நாட்டு அறிஞர்கள் கோபிநாத்தும் சந்தானமும் 'அஸ்ஃபிட்' என்னும் கணிப்பு முறையை வெளியிட்டனர். பின்னாளில் சுப்பையா முதலியோர் கல்பாக்கத்தில் அம்முறையைக் கொண்டு ஆய்வைத் தொடர்ந்தனர் என்பது தமிழகம் பெருமை கொள்ளத்தக்க செய்தி.

நம் பகுதிக்குத் தொலைவில் இல்லாத கூடங்குளத்தில் முதல் உலை 2013-ல் இயங்கத் தொடங்கியது. அங்கும் உலையின் மையத்தைச் சுற்றி நீர், எஃகு, கான்கிரீட் எனப் பல பொருள்கள் நிற்கின்றன. அத்தகைய சுவருக்கு அப்பால் நின்று வேலை செய்பவர் நம் ஊர்க்காரராகவும் இருக்கலாம். அவர் சமன்பாடு அறியாதவராக இருக்கலாம். ஆனால் அவர் உடல் வாங்கும் கதிரின் அளவு அச்சமன்பாட்டைச் சரியாகப் போட்டவரின் கையில் இருக்கிறது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த என் போன்றோர்க்கு, தேர்வு மதிப்பெண்ணுக்கு அப்பாலும் இயற்பியலுக்குப் பொருளுண்டு என்பதை உணர்த்த இது ஒன்றே போதும்.